படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கும்போது தொற்றைத் தடுப்பது: வேலை வரிசைப்படி ஒரு வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் உள்ள சிறிய முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கும், பக்கவாதத்தாலோ சர்க்கரை நோயாலோ படுத்துவிட்ட அப்பா அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அப்படி ஓர் இல்லத்தில் புதியவர்களுக்கு வேலை பழக்கி வருகிறேன்.

கையைக் கழுவ வேண்டும், கையுறை போட வேண்டும் என்பது வருகிற எல்லோருக்குமே தெரிந்திருக்கிறது. தவறு நேர்வது வரிசையில்தான். எதை முதலில் தொட்டு எதை அடுத்துத் தொடுகிறோம் என்பதைப் பார்க்காமல் வேலை செய்தால், சோப்பும் கையுறையும் எவ்வளவு செலவானாலும் கிருமி ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். ஆகவே கீழே உள்ளவற்றை எழுதியிருக்கும் வரிசையிலேயே படித்துப் பழகுங்கள்.

1. கிருமி எந்த வழியாக வருகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

நோயின் பெயர் தெரியாவிட்டாலும் அது பரவும் வழி தெரிந்தால் போதும்; செய்ய வேண்டியது என்ன என்பது அதிலிருந்தே வந்துவிடும். தொடுதலால் பரவுபவை முதல் வகை: வயிற்றுப்போக்கு, சொறி, சீழ் வைத்த புண்ணில் உள்ள கிருமிகள். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளால் முக்கியமாகப் பரவும் சளிக்காய்ச்சல் இரண்டாம் வகை. காசநோய், தட்டம்மை, சின்னம்மை போல, காற்றிலேயே வெகுநேரம் மிதந்து அறை முழுவதும் பரவக்கூடியவை மூன்றாம் வகை.

இவற்றோடு இரத்தத்தால் பரவும் ஹெப்படைட்டிஸ் பி, சி (கல்லீரலைத் தாக்குபவை), எச்ஐவி ஆகியவற்றையும், நம் ஊரில் அடிக்கடி வரும் டிங்கியைப் போலக் கொசு சுமந்து வருபவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிவினையைத் தெரிந்துகொள்ளாதவர்கள் தவறான இடத்தில் கவனமாக இருப்பார்கள். காசநோய் வந்த தாத்தாவுக்குத் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் படுத்திருக்கும் அறையின் ஜன்னலைப் 'பனி ஆகாது' என்று இறுகச் சாத்திவைக்கும் வீடுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காசநோய் தட்டால் பரவுவதில்லை. சாத்திய அறையின் காற்றால்தான் பரவுகிறது.

2. வேலையைத் தொடுமுன் உங்களைத் தயார்செய்யுங்கள்

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிற்றைப் பற்றிப் பேசும்போது பலருக்கும் மனம் சங்கடப்படுகிறது; ஆனால் ஈரம் காயாத நூல் கிருமிக்கு நல்ல இருப்பிடம், அதற்கடியில் உள்ள தோலில் சோப்பும் படுவதில்லை. கயிற்றை அவிழ்த்துச் சட்டையின் உட்புறத்தில் ஊக்கால் குத்திக்கொள்ளச் சொல்கிறேன். அதற்கு இதுவரை யாரும் மறுப்புச் சொன்னதில்லை. தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். குனியும்போது அது நோயாளியின் புண்மேல் படக்கூடாது.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை வேலையில் சேர்வதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். மலேசியாவில் குழந்தைகளுக்கு அதை 1989 முதல் போட்டு வருகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்களும் போட்டுக்கொண்டது நினைவில் இல்லாதவர்களும் கிளினிக்கில் கேட்டு 3 ஊசிகளையும் முடித்துக்கொள்ள வேண்டும்.

3. பொருளையெல்லாம் எடுத்து வைத்த பிறகே கையுறை

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கையுறையை மாட்டிக்கொண்டு கட்டிலுக்கு வருவார்கள். பேம்பர்ஸைப் பிரித்த பிறகுதான் துடைக்கத் துணி இல்லை என்பது தெரியும். அதே கையுறையோடு அலமாரிக் கைப்பிடியை இழுத்து, கிரீம் டப்பாவைத் திறந்து, நழுவும் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் திரும்பி வருவார்கள். அடுத்து அந்தக் கைப்பிடியைத் தொடுகிறவர் சோற்றுத் தட்டோடு வரும் சமையல்கார அக்காவாக இருக்கலாம்.

எனவே முதலில் பராமரிப்புப் பொருள்களுக்கான தட்டைத் தயார்செய்யுங்கள்: புதிய பேம்பர்ஸ், துடைக்கும் துணிகள், அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் தனியாக எடுத்த கிரீம், குப்பைப் பை, மாற்று விரிப்பு, கூடுதலாக ஒரு ஜோடி கையுறை. குப்பைப் பையின் வாயைத் திறந்து கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். கைப்பேசியை அறைக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

4. கையைக் கழுவும் ஐந்து நேரங்கள்

உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைக் குறித்திருக்கிறது: நோயாளியைத் தொடுமுன், புண் கட்டுதல் போன்ற சுத்தமான வேலைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியை மட்டும் பிடித்துவிட்டு வந்தாலும் கை அழுக்குதான், ஏனென்றால் அந்தக் கம்பியை நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருப்பது அவருடைய கை.

சோப்புப் போட்டுக் கழுவினால், நனைப்பதிலிருந்து துடைப்பது வரை 40 முதல் 60 வினாடி ஆக வேண்டும். சானிடைசர் என்றால், உள்ளங்கை நிறைய எடுத்து 20 முதல் 30 வினாடி, தானாகக் காயும் வரை தேய்க்க வேண்டும். கட்டைவிரலும் விரல்நுனிகளும் விடுபட்டுப் போகும். அவற்றை நினைவாகத் தேயுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தாலோ, நோயாளிக்கு வயிற்றுப்போக்கு இருந்தாலோ சானிடைசரை நம்பாதீர்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில கிருமிகளை ஆல்கஹால் சரியாகக் கொல்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் அவற்றைக் கையிலிருந்து அடித்துக்கொண்டு போய்விடும்.

கழுவிய கையைத் துடைக்கப் பொதுத்துண்டு ஒன்றை ஆணியில் தொங்கவிடாதீர்கள். காகிதத் துண்டு வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால், சிறிய பருத்தித் துணிகளை அடுக்கி வைத்து, ஒருமுறை துடைத்ததும் துவைக்கப் போட்டுவிடலாம்.

"அக்கா, கையுறைதான் போட்டிருக்கேனே, கழற்றினப்புறம் எதுக்குக் கழுவணும்?" என்று புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணும் கேட்கிறாள். கண்ணுக்குத் தெரியாத துளை கையுறையில் இருக்கலாம், கழற்றும்போது மணிக்கட்டில் அழுக்குப் படலாம், உள்ளே வியர்த்த கையில் கிருமி பெருகியும் இருக்கலாம். கையுறையைச் சானிடைசரால் துடைத்து அடுத்தவருக்குப் பயன்படுத்துவதும் கூடாது. ஒரே நோயாளியிடமும், அழுக்கான வேலை முடிந்து சுத்தமான வேலை தொடங்கும்போது கையுறையை மாற்றியாக வேண்டும்.

5. உடல் துடைக்கும் வரிசை

இல்லத்தில் பலர் இருந்தால், தொற்று இல்லாதவரிடம் தொடங்கித் தொற்று உள்ளவரிடம் முடியுங்கள். ஒருவருடைய உடலிலும் அதே முறைதான்: சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு.

முதலில் கண், மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வேறு மூலையால் துடையுங்கள். பிறகு முகம், கை, மார்பு, வயிறு, கால், முதுகு. இவற்றுக்குப் பிறகு வாளித் தண்ணீரையும் துணியையும் மாற்றிவிட்டு, கடைசியாக மறைவிடம். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். மலக்குடலில் இருக்கும் கிருமி சிறுநீர்த் துவாரத்துக்கு வந்தால் அங்கே நோயாகிவிடும். வயதானவர்களுக்கு அது காய்ச்சலாகக்கூட வராமல், திடீர்க் குழப்பமாகவும் பிதற்றலாகவும் தலைகாட்டலாம்.

இடுப்பும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப்புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்த்துவிடாமல், அதன்மேல் பாரம் விழாதபடி ஆளைத் திருப்பிப் படுக்கவையுங்கள்.

6. சிறுநீர்க் குழாயும் பையும்

குழாய் பொருத்தியவருக்குத் துவாரத்தைச் சுற்றித் தினமும் சோப்புத் தண்ணீரால் கழுவி, குழாயை உடலிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். பை எப்போதும் சிறுநீர்ப்பையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். அதே நேரத்தில் தரையில் படக்கூடாது.

சக்கர நாற்காலிக்கு மாற்றும்போதுதான் இது தவறுகிறது. இரண்டு கையும் ஆளைத் தூக்குவதில் இருப்பதால், பையை எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிடுவார்கள். பையிலிருந்த பழைய சிறுநீர் குழாய் வழியே உள்ளே திரும்பும். தூக்குவதற்கு முன்பே பையைக் காலிசெய்துவிடுங்கள். பிறகு நாற்காலியின் கீழ்க்கம்பியில் கொக்கியை மாட்டிவிட்டு ஆளைத் தூக்குங்கள்.

பை மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலிசெய்யுங்கள். காலிசெய்யும் ஜக் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்; ஒரே ஜக்கை வரிசையாக ஐந்து கட்டிலுக்கும் கொண்டுபோவது, ஒருவரின் கிருமியை ஐவருக்கும் பங்கு வைப்பதாகும். குழாயும் பையும் சேரும் இணைப்பைக் காரணமில்லாமல் கழற்றாதீர்கள்.

7. சர்க்கரை சோதனை: பேனா பொதுச்சொத்தல்ல

நம் ஆட்களிடையே சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு என்பதால் இதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறேன். விரலைக் குத்தும் பேனாவில் ஊசியை மட்டும் மாற்றிவிட்டு எல்லோருக்கும் பயன்படுத்துவது பரவலாக நடக்கிறது. விரலில் அழுந்தும் பேனாவின் முனையில் இரத்தம் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்ற அவசியமில்லை. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த பரப்பில் 7 நாளாவது உயிரோடிருக்கும். ஆகவே குத்தும் பேனா ஒருவருக்கு ஒன்று. பல பேர் உள்ள இல்லத்தில், ஒருமுறை குத்தியதும் பூட்டிக்கொள்ளும் ஊசிகளே நல்லவை.

இன்சுலின் பேனாவும் அப்படித்தான். ஊசியை மாற்றினாலும் மருந்துக் குப்பிக்குள் இரத்தம் பின்வாங்கியிருக்கலாம். பெயரை ஒட்டி வையுங்கள். இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவியைப் பங்கிட்டே தீர வேண்டுமென்றால், ஒவ்வொருவருக்கும் பிறகு கிருமிநாசினியால் துடைத்துக் காயவிட்டு அடுத்தவரிடம் கொண்டுபோங்கள்.

பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாதீர்கள். ஊசி குத்துவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். ஊசிப்பெட்டியை நீங்கள் நிற்கும் இடத்துக்கே கொண்டுவாருங்கள், முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள். இல்லத்துக் கழிவானால், மலேசியாவின் 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைகளின்கீழ் மருத்துவக் கழிவு, 'பட்டியலிடப்பட்ட கழிவு' என்ற வகையில் சேரும். ஊராட்சிக் குப்பை லாரியில் போட முடியாது. வீட்டில் இருப்பவர்கள் கெட்டியான சோப்புப் போத்தலில் சேர்த்து மூடி, எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி குத்திவிட்டால், பிதுக்காமல், வாயால் உறிஞ்சாமல், குளோராக்ஸ் (வெளுப்புத் திரவம்) ஊற்றாமல், சோப்பாலும் ஓடும் தண்ணீராலும் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி போடாதவருக்கு, நோய் உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசியால் ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எச்ஐவிக்கு ஆயிரத்தில் 3 அளவுதான். எச்ஐவி தடுப்பு மருந்து வேண்டியிருந்தால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மேலாளர் திட்டுவாரோ என்று மறைத்து வைத்தால் அந்த நேரம் போய்விடும்.

8. குளோராக்ஸ் கலக்கும் கணக்கு

முதலில் சோப்பால் கழுவுங்கள், அதற்குப் பிறகுதான் குளோராக்ஸ். மலமோ இரத்தமோ கிடக்கும் இடத்தில் நேராக ஊற்றினால், மருந்தின் வீரியம் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். அடியிலுள்ள கிருமி பிழைத்துக்கொள்ளும்.

போத்தலில் 5 விழுக்காடு என்று இருந்தால், தரை, கட்டில் கம்பி, கழிப்பறைக்கு 1 லிட்டர் தண்ணீரில் 20 மில்லிலிட்டர் போதும். இரத்தம் சிந்திய இடத்துக்கு 900 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 100 மில்லிலிட்டர். ஊற்றியவுடன் துடைத்துவிடாமல் 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். அன்றன்றைக்குக் குளிர்ந்த தண்ணீரில் கலக்குங்கள். நேற்றைய கலவைக்கு வாசனை இருக்கும், வேலை செய்யும் வீரியம் இருக்காது.

கழிப்பறை கழுவும் அமிலத்தோடு குளோராக்ஸைச் சேர்க்கவே கூடாது. ஒருமுறை புதிதாக வந்த பெண் பளிச்சென்று வர வேண்டுமென்று இரண்டையும் ஒரே கோப்பையில் ஊற்றிவிட்டு, மூச்சுத் திணறிக் கண்ணில் நீர் வழிய வெளியே ஓடி வந்தாள். வந்தது குளோரின் வாயு.

9. இருமல், பேதி, அரிப்பு, காய்ச்சல்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிச் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும் வரை இருமுகிறவருக்குச் சாதாரண முகக்கவசம், கவனிப்பவருக்கு முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்-95. அறையை மாற்றிக் கொடுத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். மேசை விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று பாருங்கள். காற்று உங்களைக் கடந்து அவர்மேல் பட்டு ஜன்னல் வழியாக வெளியேற வேண்டும். காசநோய் என்று உறுதியானால் மருந்து பொதுவாகக் குறைந்தது 6 மாதம். மருத்துவர் சட்டப்படி சுகாதார இலாகாவுக்குத் தெரிவிப்பார், கூட இருந்தவர்களையும் சோதனைக்கு அழைப்பார்கள். அழைத்தால் போங்கள்.

பேதியாகிறவருக்கு முடிந்தால் தனிக் கழிப்பறையோ கமோடோ கொடுங்கள். பேதி கண்ட பணியாளர், கடைசியாகப் போன நேரத்திலிருந்து 48 மணி நேரம் கழியும் வரை சமையலறைக்குள் வரக்கூடாது.

அரிப்பில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு பாட்டியின் விரலிடுக்கிலும் இடுப்பிலும் வந்த பொரிப்பொரியை வேர்க்குரு என்று நினைத்து ஒரு வாரம் பவுடர் போட்டேன். இரவில் அரிப்பு கூடுகிறது என்று அவர் சொன்னதைத் தூக்கமில்லாதவரின் புலம்பலாக எடுத்துக்கொண்டேன். அது சிரங்குப் பூச்சி. பக்கத்துக் கட்டில்காரர்களும், அவரைத் தூக்கிய இரண்டு பெண்களும், நானும் சொறிய ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே அரிக்காதவர்களும் உட்பட எல்லோரும் ஒரே இரவில், அந்தப் பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் கிரீமைப் பூச வேண்டும், மருத்துவர் சொன்னபடி ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். அன்றைய துணிகளையும் விரிப்புகளையும் 60 டிகிரி சுடுநீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சில நாள் ஒதுக்கி வையுங்கள். மருந்துக்குப் பிறகும் சில வாரம் அரிப்பு நீடிக்கலாம், அதற்காகத் தினமும் பூசிப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

காய்ச்சல்காரருக்கு டிங்கி என்று தெரிந்தால், பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவையுங்கள். ஏடிஸ் கொசு கடிப்பது பெரும்பாலும் காலையிலும் மாலையிலும். காய்ச்சல் உள்ளவரைக் கடித்த கொசுவே நோயைப் பிறருக்குக் கொண்டுபோகிறது. வாரம் ஒருமுறை தேங்கிய நீரைத் தேடுங்கள்: பூச்செடித் தட்டு, மழைநீர் டிரம், சாமி அறையில் பல நாள் மாற்றாத சொம்புத் தண்ணீர்.

10. வேலை முடிந்து கழற்றும் வரிசை

கழற்றும்போது மிகவும் அழுக்கானது முதலில். கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உருட்டிக் கழற்றுங்கள், கையைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு கண்ணைக் காக்கும் கண்ணாடி, ஏப்ரன், கடைசியாக, கவசத்தின் முன்பக்கத்தைத் தொடாமல் காதுக் கயிற்றைப் பிடித்து முகக்கவசம், மறுபடியும் கை. காசநோய் அறையானால், வெளியே வந்து கதவைச் சாத்திய பின்தான் முகக்கவசத்தை எடுக்க வேண்டும்.

அழுக்குத் துணியை உதறாமல், மார்போடு அணைத்துத் தூக்காமல், உள்நோக்கிச் சுருட்டி நேராகக் கூடையில் போடுங்கள். கூடையைத் தரையில் இழுத்துக்கொண்டு சமையலறை வழியாகப் போகாதீர்கள். பின்வாசல் வழி கொஞ்சம் சுற்று, ஆனாலும் அதுதான் வழி.

அடுத்த ஷிப்ட்காரர் வருமுன் நோட்டுப் புத்தகத்தில் மூன்று விஷயங்களை நேரம் போட்டு எழுதுங்கள்: யாருக்குப் புதிதாக இருமல், பேதி, காய்ச்சல் அல்லது அரிப்பு, யாருடைய தோல் சிவந்திருக்கிறது, யாருடைய சிறுநீர் கலங்கியிருக்கிறது. "பாட்டி நல்லா இருக்காங்க" என்று எழுதிய பக்கத்தைப் பார்த்து, இரவு வருகிறவர் யாரைக் கடைசியாகத் தொட வேண்டும் என்பதை முடிவு செய்ய முடியாது.